கல் பெற்றோரும் கல் பெறாதோரும்: ஜே. பி. லூயிஸின் பணி பற்றி ஒரு மதிப்பீடு

பழைமை ஆராய்ச்சி என்பது ஓய்வு மிக்க கனவான்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் எமது ஆசிரியரிடையேயும் மாணவரிடையேயும் பரவலாக இருந்து வருகின்றது. இடிந்த கோட்டையையும் தேய்ந்த கல்லெழுத்தையும் நாடித் திரிபவரால் உழைக்கும் மக்களுக்கு ஆகக்கூடியது யாது என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயினும், 'ஒன்றுமில்லை' என்று அவர்கள் அவசரமாகக் கூறிக்கொள்ளும் விடையை நாம் ஏற்பதற்கில்லை. எவருடைய பெயர் கல்லில் எழுதப்பட்டது, எவருடைய பெயர் எழுதப்படாமல் விடப்பட்டது என்னும் வேறுபாடு, பிற்காலத்தில் மக்களின் உரிமைகளையே தீர்மானிக்கும் வல்லமை பெற்றதாயிற்று. இதனை மலையகத் தமிழரைக் காட்டிலும் நன்கு அறிந்தோர் இலர். இக்கருத்தை விளக்குதற்கு ஏற்றதோர் உதாரணமாக, ஆங்கில ஆட்சிக் காலத்து உத்தியோகத்தரும் பழைமை ஆராய்ச்சியாளருமான ஜோன் பென்றி லூயிஸ் என்பாரின் பணியை இங்கு எடுத்து நோக்குவோம்.

1

லூயிஸ், விக்டோரியா அரசியின் ஆட்சிக் காலத்தில் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தவர். வன்னியில் நிர்வாகப் பணி புரிந்தார். பின்னர் வட மாகாணத்துக்கும் மத்திய மாகாணத்துக்கும் அரசாங்க அதிபராக உயர்ந்தார். கச்சேரிக் கோப்புகளிடையே வாழ்ந்த அவர், அக்கோப்புகளுக்கு அப்பாலும் தம் கவனத்தைச் செலுத்தினார். றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் கட்டுரைகள் எழுதினார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பதற்கு இரு நூல்கள் காரணமாகும். ஒன்று, 1895ஆம் ஆண்டு வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல். மற்றையது, இலங்கையிலுள்ள கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் பொறிக்கப்பட்ட வாசகங்களைத் தொகுத்து 1913ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியல். இரண்டும் கொழும்பில் அரசாங்க அச்சகத்தில் அச்சானவை.

இத்தகைய மனிதர் அக்காலத்தில் ஒருவர் இருவரல்லர். இங்கிலாந்தின் கிராமங்களில் பாதிரிமாரும், ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும், நிலவுடைமைக் கனவான்களும் தத்தம் வட்டாரத்துப் பழம் போர்களையும் கோயிற் கல்லறைகளையும் ஆராய்ந்து நூல்கள் எழுதிக்கொண்டிருந்தனர். அந்த மரபு கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கு வந்தபோது, பாதிரியாரின் இடத்தை மாவட்ட அதிகாரி பெற்றார். லூயிஸின் பட்டியல் வெளிவந்த அதே 1913ஆம் ஆண்டிலேதான், படைப் பொறியியலாளரான லெப்டினன்ட் கேணல் லவ் என்பார் பழைய சென்னை நகரைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர், 1905இல், கொற்றன் என்பார் சென்னை மாகாணத்துக் கல்லறைகளுக்கு இதுபோன்றதொரு பட்டியல் தயாரித்திருந்தார். இலங்கையிலோ 1877ஆம் ஆண்டிலேயே லுடோவிசி, ஒல்லாந்தர் காலத்துக் கல்லெழுத்துகளைத் தொகுத்திருந்தார். ஒரே காலப்பகுதியில் பல இடங்களில் ஒரே வகை நூல்கள் தோன்றுமாயின், அதனைத் தனிமனிதரின் சுவை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. அச்சுவையை வளர்த்த சமுதாயத் தேவை யாது என்றும் கேட்டல் வேண்டும்.

தேவை வெளிப்படையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏகாதிபத்தியம் தன் வெற்றியை உறுதிசெய்துகொண்டது. உறுதிபெற்ற ஆட்சி தனக்கொரு வமிச வரலாற்றையும் நாடுவது இயல்பு. வாளெடுத்து நாட்டைப் பிடித்தவர் முதல் தலைமுறையினர். வரி அறவிட்டு அதனை ஆண்டோர் இரண்டாம் தலைமுறையினர். முன்னோரின் சமாதிகளைத் தேடிப் பாசி நீக்கிப் பெயர் படித்தோர் மூன்றாம் தலைமுறையினர். லூயிஸ் இம்மூன்றாம் தலைமுறையின் மனிதர். இதனாலேயே அவருடைய பழைமை ஆராய்ச்சியிற் பெரும்பகுதி படை வரலாறாக அமைந்தது. இலங்கையில் ஆங்கிலேயர் முன்னோர் எனக் கொண்டாடக்கூடியவருட் பலர் 1803ஆம் ஆண்டுக் கண்டிப் போரிலும், 1817–18ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியிலும் மாண்ட படையினரே.

2

முதலில் அவருடைய வன்னிக் கைந்நூலை நோக்குவோம். ஆட்சியாளர் நூல் என்று அதனை ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது. குளங்கள் உடைந்து வயல்கள் காடான வரலாற்றையும், காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் குடிகளைச் சிதைத்த நிலையையும், ஊர்ப் பெயர்களையும் வழக்கங்களையும் அதிற் காண்கின்றோம். வன்னிப் பெருநிலத்தின் சமுதாய வரலாற்றை எழுத முற்படும் எவரும் இந்நூலைத் தாண்டிச் செல்லல் அரிது. அதில் உழைப்பு உண்டு. சிறு செய்தியையும் பொருட்படுத்தும் நேர்மை உண்டு.

அந்நூலின் படை வரலாற்றுப் பகுதியிலேதான் எமது சிந்தனைக்குரிய முரண்பாடு தோன்றுகின்றது. 1803ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி அங்கிருந்த ஆங்கிலப் படைப்பிரிவைத் துரத்தினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். இத்தேதியைத் தாங்கியதோர் ஆங்கிலக் கல் நெடுங்காலம் அவ்விடத்தில் நின்றது. வென்றவன் பெயரையும் தோற்றவன் பெயரையும் அது ஒருங்கே சுமந்தது. எமது நாடக மேடைகளிலும் பாடநூல்களிலும் பண்டாரவன்னியன் மாவீரனாக உலா வருகின்றான். ஆனால் அவன் வாழ்வின் தேதிகளை எமக்குத் தந்தவை எதிரியின் கல்லும், எதிரியின் கோப்பும், அக்கோப்புகளைப் புரட்டிப் பார்த்த லூயிஸ் போன்றோரின் நூல்களுமேயாம்.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, ஆட்சியாளரின் ஏட்டிலும் ஆளப்பட்டோரின் வரலாறு ஒளிந்து கிடக்கும் என்பது. ஏகாதிபத்தியவாதி எழுதினான் என்பதற்காக ஓர் ஏட்டைத் தீயிலிடுவோமாயின், எம்மவரின் தடயத்தையும் சேர்த்தே எரித்தவராவோம். இரண்டாவது, அந்த ஏட்டை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும் என்பது. கற்சிலைமடுக் கல் தோல்வியைக் கூறிற்றேயன்றி மரணத்தைக் கூறவில்லை. எனினும், அந்நாளையே அவன் வீரமரணம் எய்திய நாளாகக் கொள்வோர் எம்மிடையே பலர். உணர்ச்சி உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது வரலாறு மெலிகின்றது. மெலிந்த வரலாற்றைக் கொண்டு எவரும் உரிமைப் போராட்டம் நடத்த இயலாது.

மேலும் ஒன்று கூறல் வேண்டும். கல் இருவரைக் குறித்தது. வொன் டிறிபேர்க்கின் கீழ்ச் சுடுகலன் ஏந்தியவர் எவர், பண்டாரவன்னியன் பின்னே நின்று விழுந்த குடிகள் எவர் என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில் கண்டியிலே மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்து, வட்டப்புளுவையில் மகாவலியைக் கடக்க வழியின்றி அழிந்த படையில் ஆங்கிலேயர் மட்டுமா இருந்தனர்? மலாயரும் இந்தியரும் அதில் இருந்தனர். மறு ஆண்டு கப்டன் ஜோன்ஸ்ரன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் சென்று திருகோணமலைக்கு மீண்ட படை நடையைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதினார். 1810இல் அது வெளியாயிற்று. அவருடன் சென்றோரிலும் ஐரோப்பியர், மலாயர், சிப்பாய்கள், சுமைகூலிகள் எனப் பலதிறத்தார் இருந்தனர். சுமை தூக்கியவன் இல்லாமல் எந்தப் படையும் காட்டைக் கடந்ததில்லை. ஆனால் போர் வரலாற்றிலே அவன் ஒரு தொகை. பெயருடைய மனிதனாக அவன் அங்கு வருவதில்லை.

3

1913ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு வருவோம். இதுவே லூயிஸின் வாழ்நாட் பணியின் சிகரம் எனத் தகும். தீவெங்கணுமுள்ள ஆங்கிலக் கல்லறைகளின் வாசகங்களை இடவாரியாகத் தொகுத்து, ஒவ்வொருவரும் எப்படைப்பிரிவைச் சேர்ந்தவர், எப்போது வந்தார், எதனால் இறந்தார் என்ற விவரங்களைக் குறிப்புகளாக இணைத்த தடித்த நூல் அது. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்புறமாக ஏறிச் செல்லும் பாதையின் முடிவில் ஆங்கிலப் படையினரின் பழைய இடுகாடு ஒன்று உண்டு. கண்டி ஒப்பந்தத்தின் பின்னணியில் முதன்மையாக நின்று, 1824ஆம் ஆண்டு காய்ச்சலால் இறந்த சேர் ஜோன் டொயிலி அங்கு அடக்கம் செய்யப்பட்டார். வாட்டர்லூப் போரிலே உயிர் தப்பி, 1817இல் கண்டியில் காய்ச்சலுக்குப் பலியான கப்டன் மக்ளாஷனும் அங்கேதான் கிடக்கின்றார். நுவரெலியாவில் மேஜர் றொஜர்ஸின் சமாதி உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறப்படும் அந்த அதிகாரி, 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் சமாதியையும் இடி தாக்கிற்று என்னும் கதையை எம்மவரும் சுவைபடக் கூறுவர். கடுகண்ணாவைக் கணவாயில் வானளாவ நிற்கும் கோபுரமோ, கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுந்தது.

இத்தகைய கல்லறைகளிலிருந்து ஒரு சமுதாயத்தின் உடல்நிலையையே படித்தறியலாம். இருபது வயதிலும் முப்பது வயதிலும் மாண்ட அதிகாரிகள், பிள்ளைப்பேற்றில் இறந்த மனைவியர், பெயர் சூட்டப்பட்ட சில மாதங்களிலே மறைந்த குழந்தைகள் என வரிசை நீள்கின்றது. ஏகாதிபத்தியம் தன் சொந்தப் பிள்ளைகளையும் விழுங்கியது என்பது அதிற் புலனாகும். அயல் மண்ணிற் புதைந்த குழந்தையின் கல்லைக் கண்டு மனம் நெகிழாதவர் மனிதத் தன்மை குன்றியவரே. மனித துக்கத்துக்கு நிறமில்லை. நாம் குறைகூற வருவது அத்துக்கத்தைப் பதிந்த செயலையன்று. பதிவு எங்கே நின்றுவிட்டது என்பதையே.

லூயிஸ் தமது பட்டியலுக்கு ஓர் அனுபந்தம் சேர்த்தார். நினைவுக் கல் பெறாது மறைந்தோரின் மரணக் குறிப்புகள் அவை; நூலின் தலைப்பிலேயே அவ்வனுபந்தம் குறிக்கப்பட்டுள்ளது. எமது மதிப்பீட்டின் மையம் இதுவே. கல் இல்லை என்ற காரணத்தால் ஒரு மனிதன் மறக்கப்பட்டுவிடக் கூடாது. எழுத்தாவது அவனுக்குக் கல்லாகட்டும் என்ற எண்ணம் அம்மனிதரின் நெஞ்சில் எழுந்தது. உயர்ந்த எண்ணம் அது. அக்காலத்து உத்தியோகத்தர் பலரிடம் காணப்படாத நுண்ணுணர்வு அது. ஆனால் அந்த எண்ணம் யாவரை எட்டியது? அதிகாரிகளையும், சிவில் சேவையாளரையும், துரைமாரையும், அவர்தம் சுற்றத்தையும் எட்டியது. அதற்கு அப்பால் அது செல்லவில்லை. நினைவுக் கல் பெறாதோர் என்னும் சொல்லின் முழுப் பொருளை ஏற்றிருப்பின், அவர் தமது எழுத்து மேசையிலிருந்து சன்னலூடாக ஒருமுறை வெளியே பார்த்திருத்தல் வேண்டும். ஏனெனில், இலங்கையில் நினைவுக் கல் பெறாதோரின் மிகப் பெரிய இடுகாட்டை ஊடறுத்தும் அதன் மேல் அமர்ந்துமே அவர் ஆட்சி புரிந்தார்.

4

இதனை மிகைக்கூற்று என்று கருதுவோர்க்குச் சில செய்திகளை நினைவூட்டுவோம். கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பரவத் தொடங்கியபின், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து தலைமன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டின் ஓரமாகவும், அநுராதபுரம், தம்புள்ளை வழியாகவும், நூற்றைம்பது மைல் அளவான பாதையைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும், அம்மையும், காய்ச்சலும், தாகமும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. 1840களில் மட்டும் பாதையிலும் தோட்டங்களிலும் இறந்தோர் தொகை எழுபதினாயிரம் அளவில் இருக்கும் என்று அக்காலத்திலேயே கணக்கிட்டுக் காட்டினர். அத்தொகை கூடுதலா குறைவா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்த விவாதம் நடைபெறுவதற்கே காரணம் யாது? ஆளுக்கு ஒரு கல்லாக எண்ணிப் பார்க்கக்கூடிய நிலையில் அவர்கள் அடக்கம் செய்யப்படவில்லை என்பதன்றோ? வீழ்ந்தவனைத் தூக்கிப் புதைக்க உடன் வந்தவனுக்கு வலுவில்லை. நிற்கக் கங்காணி விடவில்லை.

வன்னியைப் பற்றி அத்துணை நுட்பமாக எழுதிய லூயிஸ், பின்னர் மத்திய மாகாணத்தின் அரசாங்க அதிபராகக் கண்டியில் வீற்றிருந்தார். பாதை தொடங்கும் வடக்கும் அது முடியும் மலைநாடும் ஆகிய இரு முனைகளும் அவர் நிர்வாகத்துக்குட்பட்டன. தலவாக்கலையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் அம்மாகாணத்தைச் சேர்ந்தவையே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் பின்னர் கோப்பியை அழித்தது. தேயிலை மலைகளை மூடிற்று. 1913ஆம் ஆண்டளவில் அரசாங்கக் கருவூலம் பெரிதும் தேயிலையையே நம்பி நின்றது. கல்லறைப் பட்டியலை அச்சிட்ட மையும் தாளும் எவருடைய உழைப்பில் வாங்கப்பட்டன என்பதைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

அம்மக்களுக்கு எழுத்திலே இடமே இருக்கவில்லை என்று கூறுவதும் பிழை. உயிரோடிருக்கும்வரை அவர்கள் பெயர் எழுதப்பட்டது. செக்ரோல் புத்தகத்தில் நாள்தோறும் எழுதப்பட்டது. கங்காணியின் கடன் கணக்கில் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளிக்குக் கொடுத்து அனுப்பும் முறை வந்தபோது, எழுத்து அவன் கழுத்திலேயே தொங்கிற்று. லூயிஸ் கல்லெழுத்துகளைத் தேடித் திரிந்த அதே ஆண்டுகளிலேதான் அத்தகரங்கள் மலையேறின. உழைப்பைக் கணக்கிடும்வரை பெயர் தேவைப்பட்டது. உழைப்பு நின்ற அன்று பெயர் செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டது; பிறகு அது வேறெந்த ஏட்டிலும் ஏறவில்லை. கல்லறைப் பட்டியலும் செக்ரோலும் ஒரே ஆட்சியின் இரு ஏடுகள். ஒன்று தன்னவரின் மரணத்தைப் பதிந்தது. மற்றையது பிறரின் உழைப்பைப் பதிந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே குடியேற்ற ஆட்சியின் முழு உருவம் எமக்குத் தென்படும்.

5

இஃது ஏட்டுச் சுரைக்காய் விவகாரமன்று. 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் கேட்டது என்ன? இந்நாட்டிற் பிறந்தவன், தன் தகப்பனும் இங்கு பிறந்தவன் என்றோ, அன்றித் தன் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும் என்று கேட்டது. அதாவது, முன்னோரின் பெயரும் பிறப்பும் பதியப்பட்ட ஏட்டைக் கேட்டது. ஒரு நூற்றாண்டாக எவருடைய பிறப்பையும் இறப்பையும் பொருட்படுத்திப் பதியாமல் விட்டனரோ, அவர்களிடமே பதிவுச் சான்று கேட்கப்பட்டது. மலையகத் தமிழர் நாடற்றவராயினர்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974ஆம் ஆண்டுவரை தொங்கலில் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதன் பின்னரும், லயத்து அறைக்கோ அதன் முன்னுள்ள தோட்டத் துண்டுக்கோ உறுதிப் பத்திரம் இல்லாதவர்களே மலையகத்தில் இன்றும் மிகுதி. பெயர் எழுதப்படாமையின் நிழல் இரு நூற்றாண்டுகளாக நீண்டு எமது மாணவரின் வீட்டு வாசல்வரை வந்து நிற்கின்றது.

1913ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. லூயிஸ் மீது அப்பழியைச் சுமத்துவது நீதியுமன்று. இரண்டிற்கும் அடியில் ஒரே கருத்து ஓடுகின்றது என்பதே எமது வாதம். எழுத்திலே பதியப்பட்டோரே மண்ணுக்குரியோர். பதியப்படாதோர் வந்து போனோர் என்பது அக்கருத்து. ஆங்கிலத் துரைமார் அதனை விதைத்தனர். சுதந்திர இலங்கையின் ஆளும் வர்க்கம் அதனைச் சட்டமாக அறுவடை செய்தது.

6

அயலாரை விமர்சிக்கும் நாம் எமது மரபையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் கடன். போரிலே விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டி அவன் பெயரையும் பெருமையையும் பொறித்த மரபு தமிழருடையது. கல்லைத் தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாக உள்ள படிகளைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. ஆனிரை மீட்டு மாண்ட எளிய மறவனும் சில வேளைகளிற் கல் பெற்றான் என்பது எமக்குப் பெருமையே. ஆயினும், அவ்வானிரையை மேய்த்தவன் கல் பெற்றானா? பேரணை கட்டி மண் சுமந்தவன் பெற்றானா? கோயிற் கல்வெட்டுகள் நிலம் கொடுத்தவனைப் புகழ்ந்தன. அந்நிலத்தை உழுத அடிமையைப் பொருளோடு பொருளாகக் குறித்தன. எனவே கல்லெழுத்தின் வர்க்க குணம் லூயிஸோடு தோன்றியதன்று. அவர் அதனைத் தம் காலத்து முறையியலோடு தொடர்ந்தவர்.

மலையக மக்களோ தம் இறந்தோரைத் தம் வழியிலே பதிந்து வைத்தனர். ஒப்பாரி அவர்களின் கல்லெழுத்து. எந்த ஊரிலிருந்து வந்தான், எந்த மலையில் வேலை செய்தான், எந்தத் துரையிடம் அடிபட்டான், எவ்வாறு இறந்தான் என்ற விவரம் யாவும் பெண்களின் வாயிலே பாட்டாகி நின்றன. இந்தச் செல்வத்தின் அருமையை உணர்ந்து தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அப்பெருமகன், மறு ஆண்டிலேயே தம் மக்கள் உரிமை இழப்பதைக் கண்ணெதிரே கண்டார். தொழிற்சங்க மேடையும் கவிதையும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. தோட்டம் தோட்டமாகத் திரிந்து நாட்டார் பாடல்களைச் சேகரித்து நூலாக்கினார். லூயிஸ் கல்லிலிருந்து தாளுக்குப் பெயர்த்தார். வேலுப்பிள்ளை நாவிலிருந்து தாளுக்குப் பெயர்த்தார். இருவரும் செய்தது ஒரே தொழில். பார்வை நின்ற இடமே வேறு.

மக்கள் இயக்கமும் தனக்குரிய நினைவுகளை நாட்டியுள்ளது. 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனின் பெயரை மலையகம் மறக்கவில்லை. 1977ஆம் ஆண்டு மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்று டெவன் தோட்டத்தில் உயிரிழந்த சிவனு லெட்சுமணனின் பெயரையும் மறக்கவில்லை. இவை எமது படை வரலாறு. சம்பளத்துக்காகவும் மண்ணுக்காகவும் நடந்த போர்களில் எமது பக்கத்தில் விழுந்தோர் இவர்கள். எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட இயலாது. போராட்டத்தில் விழுந்தோரை நினைக்கும் நாம், பெரட்டுக்குப் போய் வந்து, கொழுந்து பறித்து, பிள்ளை பெற்று, காய்ச்சலில் இறந்த இலட்சக்கணக்கானோரை மீண்டும் ஒரு தொகையாகவே விட்டுவிடுகின்றோம். வீரர்க்கு மட்டும் கல் நாட்டும் பழைய மரபு எம்மையும் அறியாமல் எம்முள் வாழ்கின்றது.

7

அவ்வாறாயின் லூயிஸிடமிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது, தள்ளவேண்டியது யாது? அவர் பார்வையின் எல்லையைத் தள்ளுவோம். அவர் முறையைக் கொள்வோம். நேரிலே சென்று பார்த்தார். எழுத்தை உள்ளவாறே பெயர்த்தெழுதினார். பதிவேடுகளோடு ஒப்பு நோக்கினார். கல் இல்லாத இடத்திலும் பெயரைத் தேடினார். இந்த நான்கையும் எமது மக்களுக்காகச் செய்யும் ஆற்றல் எமது பாடசாலைகளுக்கு இல்லையா?

தலவாக்கலைப் பகுதியிற் கற்பிக்கும் நாம், மேல் வகுப்பு மாணவரிடம் ஒருமுறை இவ்வாறு கேட்டோம்: 'உங்கள் பூட்டனார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?' பலரால் விடை கூற இயலவில்லை. சிலர் தேயிலை மலையின் இலக்கத்தைக் கூறினர். ஒரு மாணவி மட்டும் மறு நாள் வந்து, பாட்டியிடம் கேட்டு எழுதிய தாளொன்றை நீட்டினாள். அதில் ஐந்து பெயர்களும், அவர்கள் வந்த ஊரும், புதைத்த இடத்தில் நின்ற மரமும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த மரம் இப்போது இல்லை. மலை மீள்நடுகை செய்யப்பட்டுவிட்டது என்றாள். அத்தாள் எமக்குப் பெருநூல் ஒன்றின் முதற் பக்கமாகத் தோன்றிற்று.

காலம் குறைவு. முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். பழைய செக்ரோல்கள் தோட்டக் காரியாலயங்களிற் செல்லரிக்கின்றன. கம்பனி கைமாறும்போது குப்பையாகின்றன. 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையின் முகத்தையே மாற்றியதை நாம் கண்டோம். மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு யூலை, ஆகஸ்டு மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் வீழ்ந்த பாதையைப் பின்னோர் மிதித்து அளந்த அந்நடை பெருமைக்குரியது. ஆனால் நடந்தவர்களின் கையில், வழியில் வீழ்ந்தோரின் பெயர்ப் பட்டியல் இருக்கவில்லை. அப்படியொரு பட்டியலை எழுதுவதற்கு எமக்குக் கிடைக்கும் பெயர்கள் நூறோ ஆயிரமோ ஆகலாம். எழுபதினாயிரம் ஒருபோதும் ஆகாது. ஆயினும் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும், தொகையாகக் கிடந்த ஒருவனை மனிதனாக மீட்டெடுக்கின்றது.

கண்டியின் அந்தப் பழைய இடுகாட்டுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே. அக்கற்களை வெறுப்போடு பார்க்க வேண்டாம். வியப்போடும் பார்க்க வேண்டாம். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். படித்து முடித்தபின், அவர்களைத் தத்தம் தோட்டத்துக்குத் திரும்ப அழைத்து வந்து, பாட்டிமாரின் அருகில் ஒரு கொப்பியோடு உட்காரச் செய்யுங்கள். கல் பெறாதோரின் பட்டியலை லூயிஸ் தொடங்கி வைத்தார். அதனை நிறைவு செய்யும் பொறுப்பு எம்முடையது.